பட்டியலில் தெரிந்தவர் உண்டா?

கோர்ட்டுக்குள் போய் உட்கார்ந்தால் குளிராது. நான் மாஜிஸ்திரேட் ஆனதற்கு முதல் காரணம் அதுதான். நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லவில்லை.

என் கணவர் டெரெக் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பஸ் கம்பெனியின் டைம்டேபிள் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு நானும் வீட்டோடு வந்துவிட்டேன். பிள்ளை குட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேசினால் அடுத்த ஞாயிறு வரை பேச ஆளில்லை. வியாழக்கிழமை மீன் வறுவல் கடையில் "வினிகர் போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

நூலகத்தில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. உள்ளூர் கோர்ட்டுக்கு மாஜிஸ்திரேட்டுகள் தேவை. சம்பளம் கிடையாது, சட்டம் படித்திருக்க வேண்டாம், வருஷத்துக்குப் பதிமூன்று நாளாவது உட்கார வேண்டும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு முறையாவது கோர்ட்டுக்குப் போய் வேடிக்கை பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் ஒன்பது முறை போனேன். ஹீட்டர் போட்டிருந்தார்கள். மனிதர்கள் பேசினார்கள், அழுதார்கள், ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். கடைசி பெஞ்சில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள், கேஸ்களைக் கூப்பிடும் டவாலி நோரீன் என்னிடம் வந்து குனிந்தாள். கறுப்பு அங்கி, கையில் அட்டை, வாயில் எப்போதும் ஒரு மிட்டாய்.

"நீங்க யாரோட அம்மா? பையன் பேரச் சொல்லுங்க, எத்தனாவது கேஸுன்னு பாத்துச் சொல்றேன்."

"யாரோட அம்மாவும் இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

"சும்மாவா? இங்க சும்மா யாரும்மா வருவாங்க? எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அதனால வர்றேன்." அப்புறம் எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

விண்ணப்பத்தில் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றே ஒன்றுதான். உங்களை நன்றாகத் தெரிந்த இருவர் பெயர், உறவினர் கூடாது. பழைய மேலதிகாரி பெயரை எழுதினேன். இரண்டாவது கோடு காலியாகவே கிடந்தது. ஃபிரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டி, இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே முட்டை வேக வைத்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு வில்ஃப் ஸ்டாதர்ட். எழுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி தூக்கித் தூக்கி முழங்கால் போனவர். சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரில் கார்பட் என்பவரின் கறிக்கடையில் கூடமாட வேலை செய்வார். கார்பட் அவருக்குக் கூலியைக் கறியாகக் கொடுத்தனுப்புவார். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கையில் காகிதப் பொட்டலத்தோடு பின்வாசல் வழியாக வருவார். நான் உருளைக்கிழங்கும், அடுப்பில் மாவு உப்பி வரும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் கிரேவியும் பார்த்துக்கொள்வேன். சாப்பிட்டுவிட்டு டாமினோ ஆட்டம். ஆறு மணிக்கு மிச்சக் கறியை என் நீலப் பீங்கான் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு போவார், அடுத்த ஞாயிறு தட்டு திரும்பி வரும். டெரெக் இருந்தபோது மூன்று பேர். டெரெக்கைப் புதைத்த வாரமும் அதே மணிக்கு அதே பொட்டலத்தோடு வந்து நின்று, "அடுப்பப் பத்த வைம்மா" என்றார். வேறு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அந்தக் கோடு ஏன் காலியாக் கெடக்கு?" என்றார் ஃபிரிட்ஜைப் பார்த்து.

"என்னை நல்லாத் தெரிஞ்சவங்க எழுதணுமாம்."

"எனக்குத் தெரியாதா உன்னைய?"

"கோர்ட்டு விஷயம் வில்ஃப். பெரிய மனுஷங்க யாராவது எழுதினா..."

"நான் ஆறடி ரெண்டங்குலம். இதவிடப் பெரிய மனுஷன் வேணும்னா சர்க்கஸ்லதான் போய்க் கேக்கணும்."

நாக்கைத் துருத்திக்கொண்டு முதலில் பென்சிலால் எழுதி, அதன் மேலேயே பேனாவால் எழுதினார். 'கிளெண்டா யாருக்காகவும் பொய் சொல்லமாட்டாள். டாமினோவில் ஒரு காயை நான் ஒளித்தால் அந்த நிமிஷமே காட்டிக்கொடுப்பாள். இதனால் எனக்குப் பல தோல்விகள். இவளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.' படித்துவிட்டு நான் சமையலறைக்குள் போய்ச் சும்மா பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன்.

தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றை என்னிடமும் கேட்டார்கள். உங்களைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ நெருங்கிய நண்பர்களைப் பற்றியோ, வெளியே தெரிந்தால் கோர்ட்டுக்குத் தலைக்குனிவு வரும்படி ஏதாவது உண்டா? நான் யோசித்தேன். குடும்பம் இல்லை. நண்பர் ஒருவர், அவர் செய்யும் அதிகபட்சக் குற்றம் டாமினோ காயைச் சட்டைக் கையில் ஒளிப்பது. அப்படியே சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள். நண்பர் ஒருவர்தான் என்பதைக் கேட்டு ஒரு அம்மாள் மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு இதை வில்ஃபிடம் சொன்னேன்.

"அப்போ நான் ஏதாவது தப்புத்தண்டா செஞ்சா உன் நாற்காலி போயிடுமா?"

"ஆமாம். போயே போயிடும். ஜாக்கிரதையா இருங்க," என்றேன், கிரேவியைக் கிளறிக்கொண்டே. விளையாட்டுக்குச் சொன்னது. அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய கோர்ட்டில் வைத்துப் பதவிப் பிரமாணம். அச்சமோ சலுகையோ, பற்றோ பகையோ இல்லாமல் எல்லாவிதமான மனிதருக்கும் நியாயம் செய்வேன் என்று உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகள் கேமராவோடு வந்திருந்தார்கள். எனக்கு வில்ஃப். டெரெக்கின் சவ அடக்கத்துக்கு வாங்கிய அதே சாம்பல் கோட்டு. எல்லோரும் முடித்துவிட்ட பிறகும் அவர் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் ஆனால் ஆட்களோடு ஆளாக இருக்கலாம் என்று நினைத்தேன். நடந்தது வேறு. மீன் கடை வரிசையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடினான், அவனுக்கு நாங்கள்தான் அபராதம் போட்டிருந்தோம். கோர்ட்டின் பின்னறையில் நாங்கள் பேசி முடிவெடுப்பதை வெளியே மூச்சு விடக்கூடாது. நாள் முழுக்க மற்றவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சுவரிடம்கூடச் சொல்ல முடியாது. வில்ஃப் ஒரு முறையும் கேட்டதில்லை. நான் பெருமூச்சு விட்டால் போதும், "வாயத் தொறக்காத, காயப் போடு" என்பார்.

மூன்று நாற்காலி. நடுவில் ரோசலிண்ட், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, கோர்ட்டில் பேசுவது அவர் மட்டும்தான். வலது ஓரத்தில் டிம் என்ற பிளம்பர். இடது ஓரம் எனக்கு. எங்களுக்குக் கீழே சட்ட ஆலோசகர் லாக்வுட், எங்களுக்குத் தெரியாத சட்டமெல்லாம் தெரிந்தவர். நாங்கள் உட்காரும் நாளெல்லாம் காலையில் அவர் பின்னறைக்கு வந்து அன்றைய பெயர்ப் பட்டியலைக் கொடுத்து ஒரே கேள்வி கேட்பார்.

"பட்டியல்ல தெரிஞ்சவங்க யாராவது உண்டா?"

தெரிந்தவர் கேஸை விசாரிக்கக் கூடாது. இருந்தால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், அந்தக் கேஸ் மட்டும் இன்னொரு அறைக்கு மாறிப் போகும். ரோசலிண்டுக்குப் பாதி ஊர் தெரியும். "ஐயோ, இவனா? இவன் மூணாங்கிளாஸ்லயே மத்தவன் சாண்ட்விச்ச எடுத்துத் தின்னவன்." டிம், "இவங்க வீட்டுல கொதிகலன் மாத்தினேன், இன்னொரு தடவ வரச் சொல்றாங்க" என்பான். எனக்கு யாரையும் தெரிந்ததில்லை. இதே ஊரில் அறுபத்தொரு வருஷம். திருட்டு, குடி, அடிதடி என்று முப்பது பெயர், ஒன்றும் எனக்குத் தெரிந்ததில்லை. ரோசலிண்டையும் டிம்மையும் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள்.

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை. எங்கள் அறையில் காலை வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. இரண்டாம் அறையில் கூட்டம். நாங்கள் மேலே உட்கார்ந்திருக்கும்போதே லாக்வுட் அங்கிருந்து ஒரு கேஸை வாங்கி, தாளை ரோசலிண்டிடம் நீட்டினார். சின்னத் திருட்டு, ஐந்து நிமிஷ வேலை. அது என் கைக்கு வரவில்லை. வெளியே நடையில் நோரீன் கூப்பிட்டது, இரண்டு கதவுக்கு அந்தப் பக்கம் தெளிவில்லாமல் கேட்டது. கதவு திறந்தது. ஆறடி ரெண்டங்குலம், சாம்பல் கோட்டு.

வில்ஃப் என்னைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்து என் தலைக்கு மேலே சுவரில் இருந்த அரசு முத்திரையில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்திப் பெயர், பிறந்த தேதி, முகவரி கேட்டார்கள். பதினான்கு, கேப்ஸ்டன் தெரு. அடுத்த வீடு நான், பதினாறு.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். சட்டம் அதுதான். எழுந்திருக்க முடியவில்லை, லாக்வுட் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்டோபர் நாலு, சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு மாட்டிறைச்சித் துண்டு. பதினொன்று, சனிக்கிழமை, ஓர் ஆட்டுக்கால். பதினெட்டு, சனிக்கிழமை, தோலோடு பன்றியிறைச்சி. இருபத்தைந்து, சனிக்கிழமை, மாட்டிறைச்சித் துண்டு, அன்று வாசலில் பிடிபட்டார்."

முதல் ஞாயிறு நான் அதைக் கொஞ்சம் காயவிட்டுவிட்டேன், கடுகை அதிகம் தடவிச் சாப்பிட்டோம். இரண்டாவதற்குப் புதினா அரைத்தேன். மூன்றாவது ஞாயிறு தோல் அப்படி மொறுமொறுவென்று வந்தது, பெரிய துண்டை அவருக்கு வைத்தேன், அவர் அதை என் தட்டுக்கு மாற்றினார். நான்காவது ஞாயிறு அவர் நாலு சாசேஜோடு வந்தார். "என்ன, கார்பட்டுக்குக் கை சுருங்கிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தேன் நான். திருட்டுப் பொருளில் முக்கால்வாசி எங்கள் வயிற்றுக்குள் போயிருந்தது.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"

"ஆமாங்க. எல்லாம்."

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தே இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. யாருக்கும் தெரியாது. பின்னறையில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம், மூன்றில் ஒரு குரல் என்னுடையது. ரோசலிண்ட் என் பக்கம் சாய்ந்து, "உடம்பு சரியில்லயா?" என்றார். லாக்வுட் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த முகவரியைப் பார்த்தார். ஊரில் கேப்ஸ்டன் தெரு ஒன்றுதான்.

"மிஸ்டர் ஸ்டாதர்ட், மேல உக்காந்திருக்கற மூணு பேருல யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றார் வில்ஃப். "அந்தம்மாவ நான் இதுக்கு முன்னால பாத்ததே இல்ல."

எந்தம்மா என்று யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்காகத்தான் சொல்கிறார், என் நாற்காலி போய்விடும் என்று சொல்கிறார் என்பது உடனே புரிந்தது. புரிந்தும் வலித்தது. பதினோரு வருஷ ஞாயிறுகளை ஒரு ஆள் எதிரே நின்று இல்லை என்று சொன்னால் வலிக்கும். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அந்த ஞாயிறுகள் நடக்கவே இல்லை என்று நானும் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

எழுந்தேன். ஓரத்து நாற்காலி கோர்ட்டில் பேசுவது வழக்கமில்லை. ரோசலிண்ட் காதில் மெதுவாகச் சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம், அதுதான் முறை. நான் உரக்கவே சொன்னேன்.

"எனக்கு அவரைத் தெரியும். பக்கத்து வீடு. என்னோட நண்பர். என்னைத் தெரிஞ்சவர்னு என் விண்ணப்பத்துல எழுதினவர் அவர்தான்."

பத்திரிகைக்காரப் பெண் தலையை நிமிர்த்தினாள். வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டார். "ஏம்மா இப்படி," என்று அவர் சொன்னது கூண்டின் கண்ணாடிக்குள்ளிருந்து எனக்குக் கேட்டது.

பின்னறையில் கெட்டில், பிஸ்கட் டப்பா, நான். சுவருக்கு அப்பால் குரல்கள் கேட்டன, வார்த்தை புரியவில்லை. இருபத்தைந்து நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபத்தைந்து நிமிஷம் ஆஸ்பத்திரியில்கூட இருந்ததில்லை. ரோசலிண்டும் டிம்மும் வந்தார்கள். தீர்ப்பு பகிரங்கமாகச் சொன்னதுதான், கேட்டால் சொல்லியிருப்பார்கள். ரோசலிண்ட் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

லாக்வுட் வந்ததும் சொன்னேன். "அந்தக் கறிய நானும் சாப்பிட்டேன்."

"தெரிஞ்சா?"

"இல்ல."

"சரி, அத எழுதிக் குடுத்துடுங்க." போகப் போனவர் நின்றார். "உங்க நாற்காலிக்கு ஒண்ணும் ஆகாது. நண்பர் திருடினா அது நண்பரோட கேஸ், அவ்வளவுதான்."

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வில்ஃப் உட்கார்ந்திருந்தார். அவர் கேஸ் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எத்தனை பஸ்ஸை விட்டாரோ, மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு வருஷம் ஒழுங்கா இருன்னு விட்டுட்டாங்க," என்றார். பிறகு, "நான்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்ல? நீ ஏம்மா எந்திரிச்ச?"

"தெரியுமே, வில்ஃப்."

"நாற்காலி போயிடும்னு நீதான சொன்ன."

"அது விளையாட்டுக்குச் சொன்னது."

"எனக்கென்ன தெரியும். நீ கிரேவியப் பாத்துக்கிட்டே சொன்ன." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "யாருக்காகவும் பொய் சொல்லமாட்டான்னு என் கையாலதான் எழுதிக் குடுத்தேன். மறந்து போச்சு."

"கார்பட் என்ன ஆனாரு?"

"செப்டம்பர்லயே கடைய மூடிட்டாரு. மகள் வீட்டுக்குப் போயிட்டாரு."

"என்கிட்ட சொல்லக் கூடாதா? முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டிருக்கலாமே."

"வெறுங்கையோட எப்படிம்மா வர்றது?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். "நீ வான்னு சொன்னதில்ல. கறி இருந்துச்சு, வந்தேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட நான் அவரை வாயால் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் இருந்ததாகவே தோன்றவில்லை. வருகிறார், அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அவர் அந்தப் பொட்டலத்தை டிக்கெட் மாதிரி நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார், நான் அதை வாங்கி எடை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

"ஞாயித்துக்கெழம வாங்க," என்றேன். "வெறுங்கையோட வாங்க. நான் கூப்பிடறேன்."

தலையாட்டினார். மாடி பஸ் வந்தது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் மாடிப்படி ஏறி மேல்தளத்துக்குப் போனார். நான் கீழே உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். 'அவர் என் நண்பர்: கறித் திருடன் வழக்கில் எழுந்து போன மாஜிஸ்திரேட்.' தெருவில் எல்லோர் வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை இலவசமாக வரும். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார் என்று அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. வில்ஃபுக்கும் தன்னைக் கறித் திருடன் என்று பார்த்தது முதல் தடவையாகத்தான் இருக்கும்.

ஞாயிறு ஒரு முழுக்கோழி வாங்கி அடுப்பில் வைத்தேன். இரண்டு தட்டு. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. புட்டிங் எல்லாம் அமுங்கிப் போயின. போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, தட்டியதும் நின்றது. "வில்ஃப், நான்தான்," என்றேன். நான்தான் என்று அவருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறு ரேடியோச் சத்தம்கூட இல்லை.

டிசம்பரில் ஒரு நாள் கோர்ட்டிலிருந்து வந்தபோது பதினான்காம் நம்பர் ஜன்னலில் திரை இல்லை. விட்பியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாராம், எதிர்வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். என் பின்வாசல் படியில் நீலப் பீங்கான் தட்டு இருந்தது, பளிச்சென்று கழுவி, மூடியை டேப் போட்டு ஒட்டி. உள்ளே சீட்டு ஏதாவது இருக்கும் என்று திறந்து, கவிழ்த்து, டேப்பின் பின்பக்கம்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டில் யாரும் இல்லாததால் வேண்டிய மட்டும் அழ முடிந்தது.

ஜனவரியில் என் அடுத்த முறை. பின்னறையில் லாக்வுட் பட்டியலைக் கொடுத்தார். பண்டிகை முடிந்த நேரம், முப்பத்துநாலு பெயர்.

"பட்டியல்ல தெரிஞ்சவங்க யாராவது உண்டா?"

டிம்முக்கு ஒருவரைத் தெரிந்திருந்தது. ரோசலிண்டுக்கு இரண்டு மாணவர்கள், ஒருவனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமாம். லாக்வுட் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். இந்த முறை அவர் அவசரப்படுத்தவில்லை.

நான் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு முறை படித்தேன். மறுபடியும் மேலிருந்து படித்தேன். ஸ்டாதர்ட் என்று எங்காவது இருக்கிறதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்துவிட்டேன், வெட்கக்கேடு.

"எனக்கு யாரையும் தெரியாது," என்றேன்.